நெவாடாவில் லாஸ் வேகாஸைத் தவிர என்ன இருக்கிறது?

2024 பிப்ரவரி 3, வாசகர் கேள்வி

அடுத்த மாதம் அலுவலக வேலையாக ரீனோ போகிறேன். வேலை முடிந்து ஒரு வாரம் கூடுதலாகத் தங்க அனுமதி உண்டு. நெவாடா என்றாலே லாஸ் வேகாஸ், சூதாட்டம், மிச்சமெல்லாம் வெறும் பாலைவனம் என்கிறார்கள். வரலாறு என்று பார்க்க அங்கே ஏதாவது இருக்கிறதா, இல்லை காரை எடுத்துக்கொண்டு கலிஃபோர்னியா போய்விடலாமா?

பிப்ரவரி 3, இரவு

போகாதீர்கள், அங்கேயே இருங்கள். ரீனோவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. "அங்கே ஒன்றும் இல்லை" என்ற எண்ணம்தான் அந்த மாநிலத்துக்கு நேர்ந்த தீங்குகளில் பாதிக்குக் காரணம். ஒன்றும் இல்லாத இடத்தில் குண்டு போடலாம், கழிவைப் புதைக்கலாம், ஆற்றைத் திருப்பலாம் என்று துணிந்தார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஒரு தகவல். 1864இல் நெவாடா மாநிலமானபோது லாஸ் வேகாஸ் இருக்கும் நிலம் அதற்குள்ளேயே இல்லை. அது அப்போது அரிசோனா பிரதேசத்தில் (பிரதேசம் என்றால் இன்னும் மாநிலமாகாத, வாஷிங்டன் நேரடியாக ஆண்ட பகுதி) இருந்தது. 1867இல்தான் தெற்கு முனை நெவாடாவோடு சேர்க்கப்பட்டது, அரிசோனாக்காரர்களின் எதிர்ப்பையும் மீறி. இன்றைய நகரம் 1905 மே மாதம் ரயில்வே நிறுவனம் மனைகளை ஏலம் விட்டபோது பிறந்தது. நெவாடாவின் முதல் நாற்பது ஆண்டுக் கதை பெரும்பாலும் வடக்கில், நீங்கள் இறங்கப்போகும் ரீனோவைச் சுற்றி நடந்தது.

பிப்ரவரி 4

நிலத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பரப்பு ஏறத்தாழ 2,86,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள் 31 லட்சம். அவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுன்டியில் வாழ்கிறார்கள். எனவே மற்ற இடங்களில் ஆள் நடமாட்டம் குறைவுதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் மணல்மேடு மணல்மேடாக ஒரு பாலைவனத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஏர் உழுத சால்கள் போல வடக்குத் தெற்காக நூற்றுக்கணக்கான மலைத்தொடர்கள், இடையிடையே நீண்ட பள்ளத்தாக்குகள். ஐம்பதாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஒரு கணவாய் ஏறி, இறங்கி, நேர்க்கோட்டில் ஒரு பள்ளத்தாக்கைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும். நாள் முழுக்க இதுதான். மேலே பனி, கீழே சேஜ்பிரஷ் புதர். மழைக்குப் பிறகு அந்தப் புதரின் மணம் காருக்குள் வரும். அதற்காகவே நான் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவேன்.

மேற்கே சியரா நெவாடா மலை பசிபிக் கடலின் மேகங்களை மறித்துவிடுவதால் மழை குறைவு, அமெரிக்காவிலேயே மிக வறண்ட மாநிலம். விழும் நீரும் பெரும்பகுதி கடலுக்குப் போவதில்லை. ஹம்போல்ட் ஆறு மாநிலத்தின் குறுக்கே ஓடி, ஒரு சேற்றுப் பள்ளத்தில் ஆவியாகி முடிகிறது. கடலுக்கு வழியில்லாத இந்த வட்டாரத்துக்கு 'கிரேட் பேஸின்' என்று பெயர் கொடுத்தவர் 1843-44இல் இங்கே பயணம் செய்த ஜான் ஃப்ரீமான்ட். கலிஃபோர்னியாவுக்கு மாட்டு வண்டிகளில் போனவர்களில் பெரும்பாலோர் அந்த ஹம்போல்ட் ஆற்றைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். ஆறு தீர்ந்த இடத்துக்கு அப்பால் இருந்த நாற்பது மைல் வறள்நிலத்தில் மாடுகளும் மனிதர்களும் செத்தார்கள்.

பிப்ரவரி 4, மாலை

"உள்நாட்டுப் போரில் வெள்ளி தேவைப்பட்டதால் லிங்கன் அவசரமாக மாநிலமாக்கினார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிப் புத்தகங்கள்கூட இப்படிச் சொல்வதுண்டு. கணக்கு இடிக்கிறது. 1861 மார்ச்சிலேயே நெவாடா, போரில் லிங்கனின் வடக்குத் தரப்பான ஒன்றியத்தின் பிரதேசமாகிவிட்டது. வெள்ளி ஏற்கெனவே ஒன்றியத்தின் கையில்தான் இருந்தது. மாநில அந்தஸ்து கொடுத்ததால் ஒரு அவுன்ஸ்கூட அதிகமாகக் கிடைக்கவில்லை.

வேண்டியிருந்தவை வாக்குகள். 1864 நவம்பர் 8 குடியரசுத் தலைவர் தேர்தல், அதற்குப் பிறகு அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது திருத்தம். அதனால்தான் அவசரம். அனுப்பிய நெவாடா அரசியலமைப்பின் பிரதிகள் வாஷிங்டனுக்குப் போய்ச் சேராததால், 16,543 சொற்கள் கொண்ட முழு ஆவணத்தையும் கார்ஸன் சிட்டியிலிருந்து தந்தியில் அடித்தார்கள். செலவு 4,303 டாலர். அதுவரை அவ்வளவு நீளமான தந்தி போனதில்லை. அக்டோபர் 31 அன்று, தேர்தலுக்கு எட்டு நாள் முன்னால், 36ஆவது மாநிலம் பிறந்தது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கும் நெவாடாவின் மூன்று தேர்வாளர்களில் ஒருவர் கடைசியில் வாக்களிக்கவே இல்லை, லிங்கனுக்கு அங்கிருந்து கிடைத்தவை இரண்டு. ஆனால் 13ஆவது திருத்தத்தை 1865 பிப்ரவரியில் நெவாடா ஏற்றுக்கொண்டது. அந்த மாநிலம் பெருமைப்பட வேண்டியது இதற்காக.

பிப்ரவரி 6

வெள்ளியை ஒதுக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். அது இல்லாமல் மாநிலமே இல்லை. 1860 கணக்கெடுப்பில் அங்கே 6,857 பேர்தான். 1859இல் காம்ஸ்டாக் தாதுப்படுகை வெளிப்பட்ட செய்தி பரவியதும் கலிஃபோர்னியாவிலிருந்து கூட்டம் மலையேறி வந்தது, வர்ஜினியா சிட்டி எழுந்தது. அங்கே பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்த சாமுவேல் கிளெமன்ஸ், 1863இல் மார்க் ட்வைன் என்று முதன்முதலாகக் கையெழுத்திட்டார்.

எனக்கு வியப்பூட்டுவது சுரங்க வேலை. தாது மிக அகலமாகவும் உதிர்ந்து விழுவதாகவும் இருந்ததால் சாதாரண முட்டுக்கட்டை தாங்கவில்லை. 1860இல் ஃபிலிப் டைடஸ்ஹைமர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கனத்த மரங்களைச் சதுரக் கூடுகளாகப் பூட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கும் எழுப்பக்கூடிய முறையைக் கொண்டுவந்தார். அது உலகெங்கும் பரவியது. அதற்கு வேண்டிய மரம்? டாஹோ ஏரியைச் சுற்றியிருந்த காடு. அது இப்போது மண்ணுக்கு அடியில் கிடக்கிறது. வர்ஜினியா சிட்டிக்குக் குடிநீரையும் 1873இல் சியராவிலிருந்து குழாய் போட்டுத்தான் கொண்டுவந்தார்கள். மேலே குடிக்க நீரில்லை. கீழே, ஆழத்தில், 150 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெந்நீர் பீறிட்டது. தொழிலாளிகள் பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சில நிமிடங்கள் வெட்டிவிட்டு ஒதுங்கினார்கள். அந்த நீரை வடிக்க அடால்ஃப் சுட்ரோ ஏறத்தாழ நான்கு மைல் நீளச் சுரங்க வாய்க்கால் குடைந்து 1878இல் முடித்தபோது, நல்ல தாதுவெல்லாம் தீர்ந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 6, சற்றுப் பிறகு

முக்கியமானதை விட்டுவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டேன். நெவாடாவுக்கு எழுதப்பட்ட முதல் அரசியலமைப்பை 1864 ஜனவரியில் மக்களே நிராகரித்தார்கள். பெரும் காரணம், சுரங்கங்களுக்கு மற்ற சொத்துகளைப் போலவே வரி விதிக்கும் பிரிவு. இரண்டாவது வரைவில் சுரங்கம் ஈட்டும் வருவாய்க்கு மட்டும் வரி என்று மாற்றிய பிறகுதான் நிறைவேறியது. நிகர வருவாய்க்கு வரி என்ற அந்தச் சலுகை இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது, உச்சவரம்பு 5 சதவீதம். 1960களில் கார்லின் வட்டாரத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் தங்கம் எடுக்கத் தொடங்கி, இன்று அமெரிக்கத் தங்கத்தில் பெரும்பங்கு நெவாடாவிலிருந்து வருகிறது. இவ்வளவு தங்கம் போகும் மாநிலத்தில் பள்ளிகளுக்குப் பணமில்லை என்று ஒவ்வொரு சட்டமன்றக் கூட்டத்திலும் முறையிடுகிறார்கள். 160 ஆண்டுகளுக்கு முன் போட்ட முடிச்சு அது.

பிப்ரவரி 7

"தாது தீர்ந்ததும் மாநிலமே காலியாகிவிட்டதாமே" என்று கேட்பவருக்கு: ஆமாம், காலியானது உண்மை. 1880இல் 62,266 பேர். 1900இல் 42,335. மாநில அந்தஸ்தையே பறித்துவிடலாம் என்று கிழக்கத்திய பத்திரிகைகள் எழுதின. பிறகு டோனோபாவில் வெள்ளி, கோல்ட்ஃபீல்டில் தங்கம், மறுபடி ஒரு சுற்று.

பிப்ரவரி 10

இந்தக் குறிப்பு நீளும். ரீனோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், பிரமிட் ஏரி. வேறெங்கும் போகாவிட்டாலும் இங்கே போங்கள்.

டாஹோ ஏரியில் புறப்படும் ட்ரக்கி ஆறு ரீனோ வழியாக ஓடி இந்த ஏரியில் முடிகிறது. பையூட் மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். அவர்களுக்கு உணவு இரண்டு மீன்கள்: வேறெங்கும் இல்லாத குயீ-யூயீ, பிறகு லஹோன்டன் கட்த்ரோட் ட்ரௌட். 1844 ஜனவரியில் பட்டினியோடு வந்த ஃப்ரீமான்ட் குழுவுக்கு அந்த ட்ரௌட் மீனைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்களே. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1860 மே மாதம், அதே ஏரிக்கரையில் போர். ஒரு குதிரைவண்டி நிலையத்தில் பையூட் சிறுமிகளைக் கடத்தி அடைத்து வைத்ததற்குப் பையூட் மக்கள் பழி தீர்த்தார்கள். அதற்குத் தண்டனை கொடுக்கக் கிளம்பிய வெள்ளையரின் தன்னார்வப் படையில் பெரும்பகுதி அழிந்தது. போர் வேண்டாம் என்று கடைசிவரை மன்றாடிய பையூட் தலைவர் நுமாகாதான், வேறு வழியில்லாமல் போனபோது அந்தப் படையை முறியடித்தவர். அடுத்த மாதமே ராணுவம் பெரிய படையோடு வந்துவிட்டது.

ஆனால் ஏரியைக் கொன்றது போர் அன்று, பாசனம். 1902இல் வறண்ட மேற்கு நிலங்களுக்கு நீர் கொண்டுபோகும் சட்டத்தை நெவாடாவின் ஃபிரான்சிஸ் நியூலாண்ட்ஸ் நிறைவேற்ற வைத்தார். அதன் முதல் கட்டுமானம் 1905இல் ட்ரக்கியின் குறுக்கே எழுந்த டெர்பி அணை. ஆற்று நீரில் பாதி வேறு பள்ளத்தாக்கின் வயல்களுக்குத் திரும்பியது. பக்கத்தில் இருந்த வின்னமக்கா ஏரி 1930களில் முற்றாக வற்றியது. இன்று அங்கே வெள்ளை உப்புத் தரை. பிரமிட் ஏரியின் மட்டம் எண்பது அடிக்கு மேல் இறங்கியது. முட்டையிட ஆற்றில் ஏற முடியாமல், 1925இல் 41 பவுண்டு எடையில் பிடிபட்ட அந்த ட்ரௌட் இனம் 1940களின் தொடக்கத்தில் அங்கே அழிந்தே போயிற்று.

ஏரிக்குப் பக்கத்தில் நிக்ஸன் என்ற ஊரில் பழங்குடியினரின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு முதியவர் பழைய புகைப்படத்தில் நீர் நின்ற கோட்டைக் காட்டிவிட்டு, வெளியே அழைத்துப்போய் மலைச் சரிவில் அதே கோட்டைக் காட்டினார். நான் வாயடைத்து நின்றேன்.

பையூட் மக்கள் விடவில்லை. நீதிமன்றங்களில் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1983இல் உச்ச நீதிமன்றத்தில் பெரிய தோல்வி. அழியும் இனங்களுக்கான சட்டத்தைக் கொண்டு குயீ-யூயீ மீனுக்காக நீர் பெற்றார்கள், 1990இல் ஒப்பந்தச் சட்டம் வந்தது. இன்னொன்று: யூட்டா எல்லையில் பைலட் பீக் மலையின் ஓர் ஓடையில், எப்போதோ யாரோ கொண்டுபோய் விட்ட பிரமிட் ஏரி ட்ரௌட்டின் வழித்தோன்றல்கள் உயிரோடு இருந்தன. மரபணுவால் அதை உறுதி செய்து, பண்ணையில் பெருக்கி, 2006இல் ஏரிக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2014இல் அவை மறுபடி ட்ரக்கியில் ஏறி முட்டையிட்டன. இதைப் படித்த அன்று மகிழ்ச்சியில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

பிப்ரவரி 11

"இதெல்லாம் பாசனத்துக்குத்தானே, விவசாயி பாவமில்லையா" என்கிறார் ஒரு நண்பர். பாவம்தான். அந்த நீர் போன ஃபாலன் பகுதியில் அரசை நம்பி வந்து குடியேறிய குடும்பங்கள் இன்றும் உழைக்கின்றன. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருவர் வாயில் இருந்த சோற்றை எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை அரசு அவர்களிடம் சொல்லவில்லை, அதுதான் என் குறை.

யுரேகா ஊரிலும் இதே கதை. அங்கே ஈய-வெள்ளி உருக்காலைகளுக்குக் கரி வேண்டும் என்று சுற்றிலும் பல மைல்களுக்குப் பின்யன் பைன் மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். அதன் கொட்டைதான் ஷோஷோன் மக்களின் குளிர்கால உணவு. கரி சுட்ட இத்தாலியத் தொழிலாளிகளுக்கும் நியாயமான விலை கிடைக்கவில்லை. 1879 ஆகஸ்டில் கூலிக்காக நின்றவர்களில் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

பிப்ரவரி 14

குண்டுகள். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1863இல் ரூபி வேலியில் மேற்கு ஷோஷோன் மக்களோடு அமெரிக்கா ஒப்பந்தம் செய்தது. வழிப்போக்கர்கள் கடக்கலாம், தந்திக் கம்பி போடலாம், ரயில் ஓடலாம், சுரங்கம் வெட்டலாம். நிலத்தைக் கொடுத்துவிட்டதாக அதில் ஒரு வரி இல்லை. அந்த நிலத்துக்குள்தான் 1951 ஜனவரி 27 அன்று விமானத்திலிருந்து முதல் அணுகுண்டைப் போட்டார்கள். லாஸ் வேகாஸிலிருந்து 65 மைல். 1992 செப்டம்பர் வரை 928 சோதனைகள், அவற்றில் நூறு திறந்த வெளியில். ஹோட்டல்கள் மாடியிலிருந்து காளான் மேகம் பார்க்க விருந்தினரை அழைத்தன. காற்று கிழக்கே அடிக்கும் நாளாகப் பார்த்து வெடித்தார்கள், லாஸ் வேகாஸ் மீது படக் கூடாதென்று. கிழக்கே யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் ஊரும், செம்மறி மேய்ப்பவர்களின் பள்ளத்தாக்குகளும் இருந்தன. "ஆள் இல்லாத திசை" என்று கணக்கில் எழுதிய இடத்தில் குழந்தைகள் பால் குடித்தார்கள். இழப்பீட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது.

செடான் பள்ளத்தின் விளிம்பில் நின்றிருக்கிறேன். சுற்றுலாவாக அழைத்துப்போகிறார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். 1962 ஜூலையில் 104 கிலோடன் குண்டை மண்ணுக்குள் வெடித்து, துறைமுகமும் கால்வாயும் தோண்ட அணுகுண்டு உதவுமா என்று பார்த்தார்கள். விட்டம் 390 மீட்டர், ஆழம் ஏறத்தாழ நூறு. அடிவயிறு கலங்கியது.

ஷோஷோன் நிலத்துக்கு விலையாக 2.6 கோடி டாலர் என்று ஓர் ஆணையம் தீர்மானித்தது. அவர்கள் வாங்க மறுத்தார்கள், நிலம் விற்பனைக்கு இல்லை என்று. பணத்தை அரசு தன் கருவூலத்தில் அவர்கள் பெயரில் போட்டதே கொடுத்ததாகும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொடுப்பவரே வாங்குபவருக்கும் பாதுகாவலராம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 15

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, சோதனைத் தளத்தில் வேலை பார்த்தவர்களை வில்லன்களாக்காதீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். ரீனோவில் என் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே சுரங்கம் தோண்டியவர். நாட்டைக் காத்தோம் என்ற பெருமை அவருக்கு உண்மையானது, நுரையீரல் நோயும் உண்மையானது. வேலை செய்தவர்களைப் பற்றி நான் எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நெவாடாவில் இருக்கும் யக்கா மலை பற்றி: 1987இல் நாட்டின் அணுமின் கழிவுகளை எங்கே புதைப்பது என்ற ஆய்வை அந்த ஒரே இடத்துக்கு மட்டும் என்று நாடாளுமன்றம் சுருக்கியது. நெவாடாவில் வணிக அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை. மாநிலம் முழுக்க எதிர்த்தது, ஒபாமா காலத்தில் நிதி நின்றது. சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

பிப்ரவரி 18

சூதாட்டத்தைப் பற்றி எழுதவே இல்லை என்று புகார். சுருக்கமாக: 1910இல் தடை செய்தார்கள், 1931 மார்ச் 19இல் பொருளாதார வீழ்ச்சிக்கு நடுவே மறுபடி அனுமதித்தார்கள். அதே நாளில் விவாகரத்துக்கு ஆறு வாரம் தங்கினால் போதும் என்ற சட்டமும் வந்தது. மற்ற மாநிலங்கள் தடுப்பதை அனுமதித்துப் பிழைக்கும் வழி.

அந்த வெளிச்சத்துக்குள் யார் நுழையலாம் என்பதைத்தான் நான் சொல்ல விரும்புகிறேன். அன்று லாஸ் வேகாஸ் மேடையில் பாடிய கறுப்பினக் கலைஞர்கள் அதே ஹோட்டலில் தங்க முடியாது. ஊரின் மேற்குப் பகுதிக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே 1955இல் மூலான் ரூஜ் என்ற, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து நுழையக்கூடிய முதல் விடுதி திறந்து சில மாதங்களில் மூடியது. 1960 மார்ச்சில், தெருவில் இறங்குவோம் என்று கறுப்பினத் தலைவர்கள் அறிவித்த பிறகு, மூடிக் கிடந்த அதே கட்டடத்தில் உட்கார்ந்து, எல்லோருக்கும் விடுதிகளைத் திறந்துவிட விடுதி உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பிப்ரவரி 24

லாஸ் வேகாஸ் நீரை வீணடிக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்த நகரத்துக்காக நான் வாதாடுவேன் என்று நினைக்கவில்லை, ஆனால் இந்த விஷயத்தில் வாதாட வேண்டியிருக்கிறது.

கொலராடோ ஆற்றுப் பங்கீட்டில் கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி. நமக்குப் பழகிய கணக்கில் ஏறத்தாழ 327 டி.எம்.சி. கலிஃபோர்னியாவுக்கு 192, அரிசோனாவுக்கு 122, நெவாடாவுக்கு 13. ஆமாம், பதின்மூன்று. 1920 கணக்கெடுப்பில் லாஸ் வேகாஸில் 2,304 பேர்தான், அதனால் அன்று யாரும் சண்டை போடவில்லை. ஹூவர் அணை 1930களில் பாதி நெவாடா மண்ணில் எழுந்தது, மின்சாரத்தில் பாதிக்கு மேல் கலிஃபோர்னியாவுக்குப் போகிறது. ஊர் பிறக்கக் காரணமான ஊற்றுகள், நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, 1962இல் வற்றின.

அந்த 13 டி.எம்.சி.யில் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். எப்படி? வீட்டுக்குள் பயன்படுத்தும் நீரை ஏறத்தாழ முழுவதும் சுத்திகரித்து, ஹூவர் அணையின் நீர்த்தேக்கமான மீட் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள், விட்ட அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். புல்தரையைப் பெயர்த்தால் பணம். யாரும் நடக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிவுக்குப் பிறகு ஆற்று நீர் கிடையாது என்று 2021இல் சட்டம். 2022 ஜூலையில் மீட் ஏரி 1937க்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியபோதும் நகரம் தாகத்தில் தவிக்கவில்லை. ஏரியின் அடியிலிருந்து எடுக்கும் குழாயை முன்பே போட்டிருந்தார்கள்.

இதே நகரம்தான் 1989இல் கிழக்கு நெவாடாவின் நிலத்தடி நீரையெல்லாம் முந்நூறு மைல் குழாயில் கொண்டுவர விண்ணப்பித்தது. மேய்ச்சல்காரர்கள், பழங்குடியினர், சுற்றுச்சூழல் இயக்கத்தினர், யூட்டா அரசு எல்லாரும் எதிர்த்து நின்று, 2020இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சிக்கனம் கற்றுக்கொண்டதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மார்ச் 2

"இப்போது என்ன நடக்கிறது?" என்பவருக்கு: தாக்கர் பாஸ். வடக்கில், மின்சாரக் கார் மின்கலங்களுக்கு லித்தியம் தோண்ட 2021இல் கூட்டரசு அனுமதி கொடுத்தது, 2023இல் வேலை தொடங்கியது. 1865இல் குதிரைப்படை தங்கள் முன்னோர்களைக் கொன்ற இடம் அந்தப் பகுதியில்தான் என்று பழங்குடிகள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். மாநிலத்தின் ஏறத்தாழ 80 சதவீத நிலம் கூட்டரசுக்குச் சொந்தம் என்பதால் முடிவுகள் வாஷிங்டனில் எடுக்கப்படுகின்றன. இதை எதிர்த்து 1979இல் சட்டமன்றமே கூட்டரசு நிலத்துக்கு உரிமை கோரிச் சட்டம் போட்டது. ஆனால் 1864 அரசியலமைப்பிலேயே அந்த உரிமையை நெவாடா என்றென்றைக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறது.

மின்சாரக் கார் வேண்டும் என்று நானும் நினைக்கிறேன். அதற்காக மறுபடி அதே மக்களிடம் கை நீட்டுவதை ஏற்க முடியவில்லை.

மார்ச் 3

பயணம் கிளம்பும் நண்பருக்கு. முதல் நாள் வர்ஜினியா சிட்டி, கார்ஸன் சிட்டி. அங்கே ஸ்டூவர்ட் பழங்குடிப் பள்ளியையும் பாருங்கள், 1890 முதல் 1980 வரை பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த விடுதிப் பள்ளி, இப்போது அருங்காட்சியகம். இரண்டாம் நாள் பிரமிட் ஏரி. அங்கே இறங்கப் பழங்குடி அரசின் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், காசு அவர்களுக்கே போகிறது. பிறகு ஐம்பதாம் எண் சாலையில் ஆஸ்டின், யுரேகா, ஈலி. கிழக்கே கிரேட் பேஸின் தேசியப் பூங்காவில் பிரிஸில்கோன் பைன் மரங்கள் உண்டு. 1964இல் அங்கே ஆய்வுக்கென்று வெட்டிய ஒரு மரத்தில் 4,800க்கும் மேற்பட்ட வளையங்கள் இருந்தன. மார்ச்சில் மேலே போகும் சாலை பனியால் மூடியிருக்கும். கீழ்ப் பகுதி வரைதான் போக முடியும்.

பெட்ரோலை ஒவ்வொரு ஊரிலும் நிரப்பிக்கொள்ளுங்கள், அடுத்த ஊர் எழுபது மைலுக்கு அப்பால் இருக்கலாம். கைபேசிக்கு நெடுந்தூரம் சிக்னல் கிடைக்காது. தண்ணீரும் போர்வையும் காரில் இருக்கட்டும். நிக்ஸன் அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாமல், முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.